தாமரையை அழுத்தினால் அச்சு

பிப்ரவரி 9, திங்கள். இன்றைய தவறு: ஆதிநாராயணன் சாரின் கம்ப்யூட்டரில் ஒரு கேள்வி வந்தது. முழுவதும் படிக்காமல் ‘சரி’ என்பதை அழுத்திவிட்டேன். சிறிய தவறு என்றுதான் நினைக்கிறேன்.

உமைரா நோட்டில் இப்படி எழுதிவிட்டு, ‘என்றுதான் நினைக்கிறேன்’ என்பதை அடித்தாள். பிறகு, அடித்ததே தவறோ என்று தோன்றவே, மறுபடி எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குள் அந்தச் சிறிய தவறு வளர்ந்து ஆளாகியிருந்தது.

“தாமரைய அழுத்தறேன், அச்சு வரல,” என்றார் ஆதிநாராயணன்.

“எத சார் அழுத்தறீங்க?”

“தாமரைம்மா. தாமரைன்னா அச்சு. எட்டு வருசமா தாமரைன்னா அச்சு. இன்னைக்கு அழுத்தினா வெத்து அட்ட வருது. பதினோரு தடவ அழுத்திட்டேன். பதினோரு வெத்து அட்ட நிக்குது பாரு.”

உமைரா குனிந்து பார்த்தாள். திரையின் நான்கு மூலைகளிலும் நான்கு படங்கள் ஒட்டியிருந்தன. இடது மேல் மூலையில் தாமரை, வலது மேல் மூலையில் ரோஜா, இடது கீழே திராட்சைக் கொத்து, வலது கீழே ஒரு கிளி. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. திங்கட்கிழமை அவள் இதே திரையின் முன்னால் உட்கார்ந்தபோது வெள்ளை மண் தூசியும், தூசிக்குள் ஏதோ நாலைந்து கறைகளும்தான் கண்ணில் பட்டன. கறை என்று நினைத்தது பூ. அதையும் தவறுக் கணக்கில் மனதுக்குள் சேர்த்துக்கொண்டாள்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் முகம்மது கனி நடத்தும் ஊறுகாய் ஜாடிப் பட்டறையில் ஆபீஸ் என்றால் ஆதிநாராயணன்தான். மீதியெல்லாம் மேசை நாற்காலி. சூளைக்குள் போகும் ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் அட்டை வேண்டும்: எத்தனை ஜாடி, எத்தனை டிகிரி, என்ன பூச்சு, எந்தத் தேதி. அட்டை இல்லாத வண்டியைச் சூளைக்காரர்கள் தொடமாட்டார்கள். அந்த அட்டையை அச்சடிப்பவர் ஆதிநாராயணன். எட்டு வருடத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் வந்த அன்று, எந்தப் பட்டன் எதற்கு என்று முதலாளியின் மச்சான் மகன் ஒரு தடவை காட்டினான். இரண்டாம் தடவை காட்டச் சொல்லிக் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று ஆதிநாராயணன் முடிவுசெய்தார். நேராகப் பூ ஒட்டும் கொட்டகைக்குப் போய், ஜாடியின் வயிற்றில் ஒட்டுகிற பூத்தாள் நான்கு வாங்கிவந்தார். அந்தத் தாளைத் தண்ணீரில் ஊறவைத்தால் பூ மட்டும் நழுவி வரும். ஜாடியில் ஒட்டி இன்னொரு முறை சூளையில் வைத்தால் அது ஜாடியோடு ஜாடியாகிவிடும். கம்ப்யூட்டரைச் சூளையில் வைக்க முடியாது என்பதால், அவர் பட்டன்களின் மேலேயே பூவை ஒட்டி அப்படியே உலரவிட்டார்.

அன்றிலிருந்து அவர் படித்தது பூவைத்தான். தாமரை அச்சு. ரோஜா புது அட்டை. திராட்சை, பழைய அட்டைகளைப் பார்க்கக் கீழே இறங்குவது. கிளி, மூடிவிட்டு வீட்டுக்குப் போவது. மவுஸை நகர்த்தி, திரையில் ஓடும் அம்பைப் பூவுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்து அழுத்தினால் வேலை நடந்துவிடும்.

“இதோ இருக்குது சார் அச்சு,” என்று உமைரா வலது மேல் பக்கத்தைக் காட்டினாள்.

“அங்க பூ இல்லியே.”

“பட்டன் இருக்குதே சார்.”

“அதத்தான் நானும் கேக்கறேன். இந்தப் பட்டன்லாம் முன்ன இருந்ததே இல்ல. நேத்து வரைக்கும் சுத்தமா பூ மட்டுந்தான் இருந்துச்சு. ராத்திரியோட ராத்திரியா பட்டன் பட்டனா மொளச்சிருக்குது. நேத்து யாரு கை வெச்சா?”

உமைராவுக்குப் பொய் சொல்ல வராது. வந்தாலும் தேதி போட்டுச் சொல்லுவாள்.

“நேத்து சாயங்காலம் அஞ்சு நாப்பதுக்கு நான்தான் சார். நோன்பு வரப்போவுது, ஆபீசச் சுத்தம் பண்ணணும், நீ கம்ப்யூட்டரெல்லாம் பாத்து வெய்யின்னு மொதலாளி சொன்னாங்க. பாக்கும்போது, புதுசா மாத்தலாமான்னு அது கேட்டுச்சு. சரின்னுட்டேன். கிளாஸுக்கு நேரமாச்சுன்னு அப்படியே கெளம்பிட்டேன்.”

“அது கேட்டா சரின்னுடுவியா? நாளைக்கு ஆபீசக் கொளுத்தலாமான்னு கேக்கும்.”

“ஒண்ணு பண்ணலாம் சார். பூவ எடுத்துப் பட்டன் மேல ஒட்டிடலாம். ரெண்டு நிமிசம்.”

ஆதிநாராயணன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் சூளைக்காரர்கள்கூட எழுந்து நிற்பார்கள்.

“பூவத் தொட்ட, அவ்வளவுதான். எட்டு வருசமா பூ ஒரே எடத்துல இருக்குது. பாரு, எப்படிப் பளபளன்னு இருக்குதுன்னு. நேத்து ஒட்டின மாதிரி இருக்குதா இல்லியா? அதான் நம்ம பட்டறைப் பூ. தப்புப் பண்ணது பூவா, நீயா?”

“நான்தான் சார்.”

“அப்ப பூ ஏன் நவுரணும்? கம்ப்யூட்டர் பூகிட்ட வரட்டும்.”

இதற்குப் பதில் சொல்ல உமைராவிடம் நியாயம் இருந்தது, துணிச்சல் இல்லை. மூன்று மாதத் தவணையில்தான் அவளை வேலைக்கு எடுத்திருந்தார்கள். தவணை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை முதலாளி ஆதிநாராயணனைக் கேட்பார். ஆதிநாராயணன் தலையை மேலும் கீழும் ஆட்டினால் வேலை, பக்கவாட்டில் ஆட்டினால் வீடு. வீட்டில் அம்மா சுல்தான் பீவி தயாராக இருந்தாள். “அந்த சேத்தியாத்தோப்பு வூட்லேர்ந்து மறுபடியும் பொண்ணு கேட்டாங்க. வேல நெலச்சா படிக்கலாம், இல்லாட்டி பேசி முடிச்சிடலாம்னு உன் அண்ணன் ஷார்ஜாவுலேர்ந்து சொல்லிட்டான்.” வேலை போனால் பாலக்கரை மாடியில் நடக்கும் கம்ப்யூட்டர் மாலை வகுப்பும் போகும். வகுப்பில் அவளுக்குப் பிடித்தது எல்லாமே. பிடிக்காதது, அது ஏழரை மணிக்கு முடிந்துவிடுவது.

அன்று மாலை வகுப்பில் ஆசிரியை வெண்பாவிடம் நடந்ததைச் சொன்னாள்.

“இதுல பயப்பட ஒண்ணும் இல்ல,” என்றாள் வெண்பா. “திரையில தெரியுற பட்டன், மெனு, ஓரத்துல இழுக்கற பட்டை, எல்லாத்தையும் வரைஞ்சு குடுக்கறது ஒரு டூல்கிட். எல்லா புரோகிராமுக்கும் அதான் கொத்தனார். அத எழுதறவங்க ஒவ்வொரு வெர்ஷனுக்கும் எதையாவது நவுத்துவாங்க, எதையாவது ஒளிப்பாங்க. கேட்டா அழகுன்னுவாங்க.”

“அப்ப பழசு வேணும்னா, மிஸ்?”

“பழசு வேணும்னு அடம்புடிக்கறவங்க ஒலகம் பூரா இருக்காங்க. அவங்களே ஒக்காந்து சின்னச் சின்ன ஆட்-ஆன் எழுதி வெச்சிருக்காங்க. ஒண்ணு போட்டா பழைய மெனு வரும், இன்னொண்ணு போட்டா பழைய பட்டை வரும். எது வேணுமோ அத மாட்டிக்க வேண்டியதுதான். ஆமா, எந்த வெர்ஷன்லேர்ந்து எதுக்கு மாறிச்சு?”

“பாக்கல மிஸ்.”

“பாத்து எழுதிட்டு வா. மொதல்ல செய்ய வேண்டியது அதான்.”

மொதல்ல செய்ய வேண்டியது என்று உமைரா நோட்டில் குறித்துக்கொண்டாள். ஆனால் வெண்பா காட்டிய பட்டியலைப் பார்த்ததும் அது மனதில் பின்னுக்குப் போய்விட்டது. பழைய பட்டை, பழைய தலைப்பு, பழைய மெனு, பழைய சத்தம். ஒவ்வொன்றின் கீழும் எங்கெங்கோ இருக்கும் மனிதர்கள் புலம்பியிருந்தார்கள். ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்பார். இவர்கள் ஆளுக்கொரு கடப்பாறையோடு வந்து கூடத்தையே நிமிர்த்திக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஆதிநாராயணன் இருக்கிறார் என்பது உமைராவுக்கு ஆறுதலாகவும் கவலையாகவும் இருந்தது.

புதன்கிழமை காலை திரையின் வரைபடத்தை அளவுகோல் வைத்து நோட்டில் போட்டாள். அச்சுப் பட்டன் வலது மேலே இருக்கிறது, தாமரை இடது மேலே. புது அட்டைப் பட்டன் இடது மேலே, ரோஜா வலது மேலே. இழுக்கும் பட்டை வலது ஓரம், திராட்சை இடது ஓரம். ஆக, பழைய திரை இடவலம் மாறி இருந்திருக்கிறது. பழைய காலத்தில் ஏன் அப்படி வைத்தார்கள் என்று ஒரு கணம் யோசித்தாள். அவர்களுக்கு ஏதாவது காரணம் இருந்திருக்கும். அப்போது அவள் ஏழாம் வகுப்பு.

திரையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரட்டிப்போடும் ஆட்-ஆன் ஒன்று பட்டியலில் இருந்தது. மாட்டினாள். எல்லாம் புரண்டது. ஆதிநாராயணன் தாமரையை அழுத்தினார். அச்சு இயந்திரம் இருமிக்கொண்டு அட்டையைத் துப்பியது.

“இப்ப சொல்லு, பூவா தப்பு?” என்றார்.

அரை மணி நேரம் உமைரா நிம்மதியாக இருந்தாள். பிறகு சூளைக்காரர் இனியவன் அட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“ஆயிரத்து எரநூத்தி அம்பது ஜாடி, அம்பது டிகிரின்னு போட்டிருக்குதே சார். ஒரு வண்டியில அத்தன ஜாடி எங்க வெக்கறது? அம்பது டிகிரிக்கு டீயே கொதிக்காதே. வெயில்லயே வெச்சு எடுத்துடவா?”

திரை புரண்டபோது கட்டங்களும் புரண்டுவிட்டன. அட்டையின் தலைப்புகள் அச்சகத்தில் ஏற்கெனவே அடித்து வந்தவை, அவை புரளவில்லை. ஜாடியின் இடத்தில் டிகிரியும் டிகிரியின் இடத்தில் ஜாடியும் போய் உட்கார்ந்திருந்தன.

“கழட்டிடறேன் சார்,” என்று உமைரா எழுந்தாள்.

அந்த நேரம் பார்த்து முகம்மது கனி உள்ளே வந்தார். ரியாத்தில் பன்னிரண்டு வருடம் இருந்து சம்பாதித்துத் திரும்பி இந்தப் பட்டறையை எடுத்தவர். திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“மாஷா அல்லா. ரியாத்துல பேங்குல கம்ப்யூட்டரு இப்படித்தான் வலதுலேர்ந்து இடதா இருக்கும். எவ்வளவு வருசமாச்சு பாத்து. யாரு பண்ணது?”

“நான்தான் மொதலாளி. ஆனா அத இப்ப…”

“நல்லா இருக்குதும்மா. இப்படியே இருக்கட்டும்.”

முதலாளி இருக்கட்டும் என்றதைக் கழற்றும் அதிகாரம் ஊரில் யாருக்கும் கிடையாது. உமைரா மதியம் வரை உட்கார்ந்து, கட்டங்களை மட்டும் புரோகிராமுக்குள் ஒவ்வொன்றாக இடம் மாற்றி வைத்தாள். புரட்டியதை மறுபடி புரட்டி, பார்க்கத் தப்பாகவும் அச்சில் சரியாகவும் வரும்படி செய்தாள்.

பிறகு திராட்சை. இழுக்கும் பட்டை இப்போது இடது ஓரத்துக்கு வந்திருந்தாலும், அது மயிரிழை அளவு மெல்லியது. தொடாவிட்டால் மறைந்தும் போகும்.

“திராட்சைக்குப் பின்னால ஒண்ணுமே இல்லியே,” என்றார் ஆதிநாராயணன். “முன்னல்லாம் ஒரு அழுத்து, பழைய அட்ட வந்து நிக்கும்.”

இரண்டாவது ஆட்-ஆன். பழைய கனமான பட்டை, எப்போதும் தெரிவது, இரண்டு முனையிலும் அம்புக்குறியோடு. கீழ் அம்பு கச்சிதமாகத் திராட்சைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. பட்டை கனத்ததில் மற்றதெல்லாம் ஒரு விரல் தள்ளிப் போயின. தாமரைக்குப் பின்னால் இருந்த அச்சுப் பட்டன் அங்கிருந்து வெளியே வந்து முழித்தது.

“தாமரைய அழுத்தறேன், அச்சு வரல,” என்றார் ஆதிநாராயணன்.

அன்று இரவு அவள் எழுதியது: பிப்ரவரி 11. இன்றைய தவறு: ஒன்று என்றால் ஒன்று இல்லை. நாளைக்குள் தாமரை, கிளி இரண்டையும் முடிக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை மூன்றாவது ஆட்-ஆனைக் கண்டுபிடித்தாள். பழைய டூல்கிட்டில் மெனுவின் உச்சியில் ஒரு புள்ளிக்கோடு இருக்குமாம். அதை அழுத்தினால் மெனு தன் இடத்திலிருந்து பிய்ந்து தனியாக வரும். வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அச்சு மெனுவைப் பிய்த்து எடுத்துத் தாமரைக்குப் பின்னால் சொருகினாள். நான்காவது ஆட்-ஆன், புரோகிராம் சன்னலின் தலைப்புப் பட்டையைத் தலையிலிருந்து எடுத்துக் காலில் வைத்தது. மூடும் பொத்தான் கிளிக்குப் பின்னால் போனது. நான்கு பூவும் நிரம்பிவிட்டன. தலைப்பு கீழே, இழுக்கும் பட்டை இடதில், மெனு அந்தரத்தில். வீட்டை விற்று வேறு வீடு போகிறவர்கள் சாமானை லாரியில் ஏற்றியது மாதிரி இருந்தது.

“இதேதான்,” என்றார் ஆதிநாராயணன். “இதே மாதிரிதான் முன்ன இருந்துச்சு.”

உமைரா முதல் தடவையாக மூச்சு விட்டாள். அதை விட்டு முடிப்பதற்குள் ஆதிநாராயணன் பெண்ணாடத்துக்குப் போகும் ஜாடிகளுக்கு அட்டை போட ஆரம்பித்தார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை செய்யாத நேரத்தில் அம்பு தாமரைக்குப் பின்னால்தான் ஓய்வெடுக்க வேண்டும். அங்கே அம்பை நிறுத்திவிட்டு, ஒற்றை விரலால் எண்ணைத் தட்டினார். ஐந்து.

ஐந்து விழவில்லை. மறுபடி தட்டினார். அச்சு இயந்திரம் ஒரு அட்டையைத் துப்பியது.

“நான் இன்னும் அச்சுன்னே சொல்லலியே,” என்றார். மறுபடி ஐந்து. மறுபடி அட்டை.

“சார், கைய எடுங்க.”

“அஞ்சு விழ மாட்டேங்குதும்மா. அழுத்தித் தட்டினாத்தான் விழும்போல.” அழுத்தித் தட்டினார். விரலை எடுக்க மறந்தார்.

இயந்திரம் நிற்கவே இல்லை. அட்டைகள் மேசையில் விழுந்து, மேசை நிரம்பி, தரையில் விழுந்து, வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தன. ஆதிநாராயணன் கிளியை அழுத்தினார். சன்னல் மூடியது, அட்டை மூடவில்லை. உமைரா மேசைக்கடியில் புகுந்து ஒயரைப் பிடுங்கினாள். அதற்குள் நூற்று நாற்பது வண்டிகளுக்கு அட்டை தயாராகியிருந்தது. பட்டறையில் இருந்த வண்டிகள் ஆறு.

சத்தம் கேட்டு வந்த இனியவன் குனிந்து ஒரு அட்டையை எடுத்துப் பார்த்தார். “நல்ல விசயம் சார். அடுத்த வருச வேலையும் இன்னைக்கே முடிஞ்சிடுச்சு.”

மறுபடி போட்டுப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் எதையும் மறக்கவில்லை. ஐந்தைத் தட்டினால் அச்சு. வேறு எந்த எண்ணும் தொந்தரவு செய்யவில்லை.

“சரி, விடு,” என்றார் ஆதிநாராயணன், இருபத்திரண்டு வருட அனுபவத்தோடு. “அஞ்சு இல்லாம பாத்துக்கலாம். இனியவா, வண்டிக்கு அம்பது ஏத்தாத, நாப்பத்தெட்டு ஏத்து.”

“டிகிரி ஆயிரத்து எரநூத்தி அம்பது வருதே சார்?”

“நாப்பத்தொம்பதுன்னு வெச்சுக்க. ஒரு டிகிரியில ஜாடி என்ன கோவிச்சுக்கவா போவுது.”

மதியம் வரை பட்டறை ஐந்து இல்லாமல் ஓடியது. பிறகு தேதி இடறியது. வரும் ஞாயிறு பதினைந்தாம் தேதி. அன்று சூளை திறக்கக் கூடாது, பதினாறு அன்று திறக்கலாம் என்று ஆதிநாராயணன் சொன்னபோது, உமைரா வெளியே வந்து வெண்பாவுக்குப் போன் செய்தாள்.

“மெனு மேல அம்ப வெச்சுகிட்டு எந்தக் கீய அழுத்தினாலும், அந்தக் கீ அந்த மெனுவுக்குக் குறுக்குவழி ஆயிடும்,” என்றாள் வெண்பா. “அது ஒரு காலத்துல வசதின்னு வெச்சிருந்தாங்க. நீ போட்ட ஆட்-ஆன் அதையும் சேத்துக் கொண்டாந்திருக்குது. பழசக் கூப்ட்டா பழசு மட்டுமா வரும்? அதோட சொந்தக்காரங்களும் வருவாங்க. செட்டிங்ல ஒரு வரி இருக்குது, அத அணைச்சிடு.” பிறகு கேட்டாள், “வெர்ஷன் பாத்தியா?”

“இல்ல மிஸ்.”

“நாளைக்காவது பாரு.”

ஒரு வரியை அணைத்ததும் ஐந்து தன் பழைய வேலைக்குத் திரும்பியது. வெள்ளிக்கிழமை காலை தாமரை அச்சடித்தது, ரோஜா புது அட்டை கொடுத்தது, திராட்சை இறங்கியது, கிளி மூடியது. ஆறு வண்டிக்கும் அட்டை போயிற்று. இனியவனுக்குக் கேலி செய்ய ஒன்றும் கிடைக்கவில்லை. உமைரா யாருக்கும் தெரியாமல் ஒவ்வொரு பூவையும் இருபது தடவை அழுத்திப் பார்த்து, நோட்டில் இருபது கோடு போட்டாள். எண்பதுக்கு எண்பது.

ஜும்மா முடிந்து தொப்பியோடேயே முகம்மது கனி ஆபீசுக்கு வந்தார்.

“இன்னையோட மூணு மாசம் முடியுது. என்ன ஆதி சொல்றீங்க? புள்ளைய வெச்சுக்கலாமா?”

ஆதிநாராயணன் கண்ணாடியைக் கழற்றினார். உமைராவுக்கு சேத்தியாத்தோப்பு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வருவது காதில் விழுந்தது.

“கெடுத்தது யாரு? அவதான்,” என்றார். கண்ணாடியைத் துடைத்தார். மாட்டினார். “சரி பண்ணதும் அவதான் பாய். சும்மா சொல்லக் கூடாது. எட்டு வருசமா எப்படி இருந்துச்சோ, ஒரு நூல் பெசகாம அதே மாதிரி கொண்டாந்து நிறுத்திட்டா. வேற யாருன்னா இருந்தா பூவப் பிச்சுப் போட்டிருப்பாங்க. வெச்சுக்குங்க.”

தலை மேலும் கீழும் ஆடியது.

“அப்ப ஒண்ணு பண்ணும்மா,” என்றார் முகம்மது கனி. “என் ரூம்ல இருக்கற கம்ப்யூட்டரையும் நாளைக்கே இதே மாதிரி பழையபடி ஆக்கிடு.”

“மொதலாளி, அது வாங்கி ஆறு மாசந்தானே ஆவுது.”

“இருக்கட்டும். பழையபடி இருந்தாத்தான் ஒரு நம்பிக்க.”

அவர்கள் இருவரும் டீ குடிக்கப் போனார்கள். உமைரா நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மாவுக்குப் போன் செய்து, “வேல நெலச்சிடுச்சும்மா” என்றாள். “சரி, அவங்களுக்கு என்னத்தச் சொல்றது, நான் பாத்துக்கறேன்,” என்றாள் சுல்தான் பீவி. ஏமாற்றமா சந்தோஷமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

வகுப்புக்குக் கிளம்ப இன்னும் கால் மணி நேரம் இருந்தது. வெண்பா இரண்டு தடவை கேட்டுவிட்டாள். இன்றைக்காவது வெர்ஷன் எண்ணோடு போக வேண்டும். கம்ப்யூட்டர் கேட்ட இரண்டு கேள்விகளுக்குக் கிளம்புகிற அவசரத்தில் ‘சரி’ சொல்லாமல், நிதானமாகப் படித்து, புதிய பதிப்புகளின் பட்டியலைத் திறந்தாள். திங்கட்கிழமைக்கு நேரே சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது.

மாலை 5.46. வன்வட்டில் இடம் போதவில்லை. புதிய பதிப்பு நிறுவப்படவில்லை. எதுவும் மாற்றப்படவில்லை.

உமைரா அதை முதலில் இடமிருந்து வலமாகப் படித்தாள். திரை புரண்டிருப்பது நினைவுக்கு வந்து, வலமிருந்து இடமாகவும் படித்தாள். இரண்டு பக்கமிருந்தும் எதுவும் மாற்றப்படவில்லை.

“எதுவுமே மாறலன்னா,” என்று வாய்விட்டே கேட்டாள், “அப்ப மாறினது எது?”

வாசலில் வாளிச் சத்தம் கேட்டது. அம்சவல்லி ஈரத்துணியோடு நின்றிருந்தாள். கொட்டகையில் ஜாடிக்குப் பூ ஒட்டுகிறவள். சாயங்காலங்களில் ஆபீசைக் கூட்டித் துடைப்பதும் அவள்தான். திங்கட்கிழமை உமைரா வகுப்புக்கு ஓடியபோது இதே வாசலில், இதே வாளியோடு எதிரே வந்தவள்.

“யாரோட பேசிட்டிருக்கற பாப்பா?”

“கம்ப்யூட்டரோடக்கா. இதுல எது மாறிச்சுன்னு தெரியல.”

அம்சவல்லி திரையை எட்டிப் பார்த்தாள். தன் வேலையைத் தானே மெச்சுகிறவளின் சிரிப்பு அவள் முகத்தில் வந்தது.

“அட, அந்தப் பூவக் கேக்கறியா? திங்கக்கெழம ஈரத்துணி பட்டதும் எல்லாம் நழுவிக் கையோட வந்துடுச்சு பாப்பா, சூளையில வேகாத பூ எப்படி நிக்கும்; எது எங்க இருந்துச்சுன்னு யாருக்கு ஞாபகம், ஜாடிக்கு ஒட்டறாப்புல மூலைக்கு ஒண்ணா புதுசு ஒட்டி வுட்டேன், பாந்தமாத்தானே இருக்குது?”

பிப்ரவரி 13, வெள்ளி. இன்றைய தவறு: எதுவும் எழுதுவதற்கில்லை.

நாளை செய்ய வேண்டியது: முதலாளி அறைக் கம்ப்யூட்டருக்கு நான்கு பூ வேண்டும் என்று அம்சவல்லி அக்காவிடம் சொல்வது. எங்கே ஒட்டலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்வது.